கால் மிதி

சுன்வா மூன்றாம் முறையாக வண்டியைக் கொண்டுவந்தபோது
கிளாக்ஸ்விக்கில் மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
"இன்னும் யோசிக்கிறது" என்றாள்
சாவியை மேசைமேல் வைத்தபடி.
எது என்று நான் கேட்கவில்லை.
முன்பு இரண்டு முறை கேட்டாகிவிட்டது.

முதல் முறை பிளக் நான்கையும் மாற்றினேன்.
இரண்டாம் முறை த்ராட்டில் வாயில் படிந்த கரியைப்
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன்.
இரண்டு முறையும் மலைச்சாலையில் ஏற்றிப் பார்த்தேன்.
மிதித்தேன். பாய்ந்தது.
டர்போ விசிலடித்தது, ஆடுகள் தலைதூக்கின.
கணினியைச் செருகினால் பிழை ஒன்றும் இல்லையாம்.
உங்கள் கால்தான் பயப்படுகிறது என்று
பில்லில் எழுதவில்லை;
முகத்தில் எழுதியிருந்தேன் போலும்.

அவள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள்.
"ஹானுஸ், என் காலை எனக்குத் தெரியும்.
முப்பது மிதிகட்டைகளைக் குனிந்து பார்க்காமல்
தேடிப் பிடிக்கிற கால்.
தாமதமும் எனக்குத் தெரியும்.
நான் மிதிப்பதற்கும் குழாய் வாய் திறப்பதற்கும் நடுவே
ஒரு சின்ன மூச்சு உண்டு.
அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே மிதிப்பேன்.
அது என்றைக்கும் ஒரே மூச்சு.
இது அப்படியில்லை.
இன்று அரை நொடி, நாளை ஒன்றரை.
எதைக் கணக்கிடுவது?"

முந்தின நாள் கடலடிச் சுரங்கத்தின் அடிவயிற்றில்
ஏற்றம் தொடங்கும் இடத்தில் மிதித்தாளாம்.
வண்டி தலையைச் சொறிந்துகொண்டதாம்.
பின்னால் மீன் லாரி.
கண்ணாடி முழுக்க அதன் விளக்கு.

"நீங்கள் ஓட்டுங்கள். நான் பக்கத்தில் இருக்கிறேன்."
முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

மடியில் கணினி, அதில் நான்கு கோடுகள்.
அவள் மிதிப்பது கண்ணுக்கே தெரியவில்லை,
திரையில்தான் தெரிந்தது: பதினெட்டு விழுக்காடு.
கால் மிதி, அதற்கும் குறைவு.
நான் அந்த எண்ணில் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை.
த்ராட்டில் சொன்னபடி திறந்தது.
காற்றழுத்தக் கோடு ஏறியது,
ஏறியதை மறந்தது,
வழுக்கிக் கீழே வந்தது.
அரை நொடி. ஒன்று. ஒன்றேகால்.
பானட்டுக்குள் பால் பொங்குமுன் வருகிற மெல்லிய சீறல்.
பிறகு, ஒன்றும் நடக்காததுபோல், இழுத்தது.

"கேட்டதா?"
"கேட்டது" என்றேன். கொஞ்சம் தாமதமாக.

நான் மிதித்தால்
முழு அழுத்தமும் வந்து அந்தக் குட்டி வால்வின்
முதுகில் அறைந்து அதை மூடிவிடும்.
நான் போகிற இடமெல்லாம்
வண்டி குணமாகவே இருந்தது அதனால்தான்.
அவள் மிதிக்கும்போது முதுகில் அந்தக் கை இல்லை,
ஒரு ஸ்பிரிங் மட்டுமே காவல்.
காவல்காரன் தூங்கிவழிந்தான்.
டர்போ அரும்பாடுபட்டு அமுக்கிய காற்று
பின்கதவு வழியே வந்த இடத்துக்கே திரும்பியது,
சக்கரம் முதலிலிருந்து சுற்றத் தொடங்கியது.

கழற்றி மேசைமேல் நிறுத்தினேன்.
அளவுப் புத்தகத்தில் உள்ளதைவிட நான்கு மில்லிமீட்டர் குட்டை.
புது வால்வு டென்மார்க்கிலிருந்து கப்பலில் வர ஒன்பது நாள்.
அதுவரை ஒரு வாஷரை அடியில் வைத்து முட்டுக்கொடுத்தேன்.
பிளக் பணத்தைத் திருப்பித் தந்தேன்.
வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.
ஒவ்வொரு தாளாக எண்ணி வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை என் வேனை
கால் மிதியிலேயே வீடுவரை ஓட்டிப் போனேன்,
பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக.
துறைமுகம் தாண்டி, வளைவு முடிந்து,
மேடு ஆரம்பிக்கிற இடத்தில்

அதுவும் கொஞ்சம் யோசிக்கிறது.